மெல்லிய எலும்பு, தடித்த படம்: ஒரு ராஜபாளையம் நாயின் மூக்கு ஸ்கேன்

நோயாளி ராஜபாளையம் வகை, ஆண், 5 வயது, 24 கிலோ, பால்வெள்ளை. பெயர் கருப்பன். குலதெய்வத்தின் பெயராம், அதனால் நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. விருதுநகர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே பெங்களூர் வந்து, மர்பி டவுனில் வளர்கிறான். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் கர்நாடகத்து வேட்டை நாய் என்று நினைத்து "முதோள் நாயா?" என்று கேட்பதில் அந்த வீட்டு அம்மாவுக்கு இன்று வரை கோபம்.

வலது மூக்குத் துவாரத்தில் முதலில் சளி, அப்புறம் சளியோடு ரத்தம், மூன்று மாதத்துக்கு மேலாக. ஆனால் என்னிடம் வந்தபோது அவர்கள் கேட்டது என்ன நோய் என்று இல்லை. கையில் ஒரு சி.டி. ஸ்கேன் கவர் இருந்தது. உள்ளே இருந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி, மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள எலும்புத் தகடு அரிக்கப்பட்டிருக்கிறது, மூளைக்குள் பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்று சொன்னது. "ஊசி போட்டு விட்டுடலாமா டாக்டர், இல்ல இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமா?" இதுதான் கேள்வி. அம்மா கேட்கவில்லை, மகன் கேட்டார். அம்மா கவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கேஸை இவ்வளவு விரிவாக எழுதக் காரணமே அந்தக் கடைசி வரிதான். மெஷின் நன்றாகத்தான் படம் எடுத்திருந்தது. ஆனால் அதிலிருந்து அச்சடித்துக் கொடுத்த ஒவ்வொரு படமும் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு. நாம் தேடுகிற எலும்போ ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

முதலில் உண்ணிக் காய்ச்சல்

பெங்களூரில் நாய்க்கு மூக்கில் ரத்தம் என்றால் எந்த டாக்டரும் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைப்பார். நினைக்கவும் வேண்டும். எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா உண்ணிக் கடியில் உள்ளே போய் பிளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும், மூக்கிலிருந்து ரத்தம் சொட்டும். இந்த ஊரின் இதமான காலநிலை மனிதர்களுக்குப் பிடிக்கிற அளவுக்கு உண்ணிக்கும் பிடிக்கும். கருப்பனுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ். டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 28 நாள் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் நின்றது, சளியும் குறைந்தது, மாத்திரை முடிந்ததும் பழையபடி ஆரம்பித்தது. மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே கதை.

மருந்துக்குக் கொஞ்சம் அடங்கியதால் எல்லாரும் சரியான வழியில் போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்குள் மூல நோய் எதுவாக இருந்தாலும் அதன் மேல் பாக்டீரியா ஏறி உட்கார்ந்துகொள்ளும். டாக்ஸிசைக்கிளின் அந்தப் பாக்டீரியாவை அடக்கும், வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். அதனால் கட்டியோ பூஞ்சையோ உள்ளே இருக்கும் நாய்கூட இரண்டு வாரம் தேறியது போலக் காட்டும். ஆன்டிபாடி டெஸ்ட்டும் அப்படித்தான், இந்தக் கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உண்ணி மலிந்த ஊரில் அந்தப் பாசிட்டிவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

அவனுடைய பிளேட்லெட் எண்ணிக்கை 2,40,000. நாய்க்கு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை சாதாரணம். அடிபடாமல் தானாகவே ரத்தம் கசிய வேண்டுமென்றால் பெரும்பாலும் 50,000-க்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். எர்லிக்கியாவில் எண்ணிக்கை சரியாக இருந்தும் பிளேட்லெட்டுகள் தங்கள் வேலையைச் செய்யாமல் ரத்தம் வருவது உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒரே துவாரத்தில், மாதக்கணக்கில், பச்சைச் சளியும் தும்மலுமாக வருவதை அது விளக்காது. ரத்தத்தில் கோளாறு என்றால் மூக்கில் சளி எதற்கு? ஒரு பக்கம் மட்டும், சளியும் ரத்தமும் கலந்து, விட்டு விட்டு என்றால் பிரச்சினை மூக்குக்குள்ளேயே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பிக்க வேண்டும்.

தேடினால் கிடைப்பவை ஒரு கைப்பிடிதான்: கட்டி, பூஞ்சை, மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ், உள்ளே மாட்டிக்கொண்ட புல் விதை. இந்த ஊரில் நான் தவறாமல் கேட்கிற இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, வார இறுதியில் குடகு, சக்லேஷ்பூர் என்று கூட்டிப் போனீர்களா? மலையோடையில் தண்ணீர் குடிக்கும்போது அட்டை மூக்கில் ஏறிவிடும், வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து ரத்தம் குடிக்கும். அடுத்தது, ஊருக்குப் போனால் கண்மாயில் குளிக்குமா? தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் ரைனோஸ்போரிடியம் என்ற கிருமி இருக்கிறது. தேங்கிய குளத்து நீரில் குளிக்கும் மனிதர்களுக்கு மூக்கில் சிவப்பாக, வெள்ளைப் புள்ளி புள்ளியாகச் சதை வளரவைக்கும். நாய்க்கும் வரும். கருப்பன் வருஷா வருஷம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவன், கண்மாயில் நீந்துகிறவன். அதனால் அதுவும் பட்டியலில் ஏறியது. ஆனால் அது பெரும்பாலும் மூக்கின் முன்பகுதியில் வளர்வது, டார்ச் அடித்தாலே பல நேரம் கண்ணில் பட்டுவிடும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

மேசையில் பார்த்தது

ஸ்கேன் ஃபிலிமை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு நாயைப் பார்த்தேன். படத்தை முதலில் பார்த்துவிட்டால் கை அதைத்தான் தேடும்.

ஃபிரிட்ஜில் வைத்த ஒரு கண்ணாடி ஸ்லைடை மூக்குக்கு முன்னால் பிடித்தேன். இரண்டு துவாரத்துக்கு நேராகவும் ஆவி படிந்தது, வலது பக்கம் சரியாக இடது பக்கம் அளவுக்கே. காசு செலவில்லாத இந்த டெஸ்ட்டுக்கு நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன். மூக்கை அடைத்துக்கொண்டு மூளை வரைக்கும் வளர்ந்த கட்டி என்றால் காற்று இவ்வளவு தாராளமாக எப்படிப் போகும்?

வலது பக்க மூக்குத் தண்டைத் தொட்டதும் முகத்தைத் திருப்பினான், நெற்றிக்கு மேலே விரல் வைத்தபோது உறுமினான். வலி நன்றாகவே இருக்கிறது. துவாரத்தின் கீழ் ஓரத்தில் சிறு புண். பொதுவாக மூக்குப் பூஞ்சை வந்த நாய்களுக்கு மூக்கு நுனியின் கருந்தோல் சளி வழிகிற தடத்தில் நிறம் வெளுத்துப் போகும், தூரத்திலிருந்தே தெரிகிற நல்ல அடையாளம் அது. ராஜபாளையத்துக்குப் பிறவியிலேயே மூக்கு இளஞ்சிவப்பு. வெளுக்க அங்கே என்ன இருக்கிறது? கருமூக்கு நாயாக இருந்திருந்தால் முதல் மாதமே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கண் துருத்தவில்லை, வாய்க்குள் அண்ணம் சமமாக இருக்கிறது, பற்கள் சுத்தம். நரம்புப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை: கண்ணுக்கு நேரே கையைக் கொண்டுபோனால் இமைக்கிறான், பாதத்தை மடித்து வைத்தால் உடனே திருப்பி வைக்கிறான், வலிப்பு வந்ததில்லை, சுற்றிச் சுற்றி நடப்பதில்லை, குணத்தில் மாற்றம் இல்லை. ரத்த அழுத்தமும் ரத்தம் உறைகிற நேரமும் சரி. மூளைக்குள் கட்டி பரவிய நாய்க்கும் ஆரம்பத்தில் நரம்புப் பரிசோதனை சுத்தமாக இருக்கலாம், அதனால் இதை வைத்து மட்டும் ரிப்போர்ட்டைத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் காற்றோட்டம், வலி, புண் என்று எல்லாமே வேறு பக்கம் கை காட்டின.

அப்புறம்தான் ஃபிலிம்

ஸ்கேன் எடுத்த இடம் மனிதர்களுக்கான ஒரு சென்டர். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு ராத்திரியில், ஒரு டாக்டர் மயக்க மருந்து கொடுத்துப் பக்கத்தில் நிற்க, நாயைப் படம் எடுத்திருக்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மெஷினுக்கு மனிதன் என்றும் நாய் என்றும் பேதம் தெரியாது, பல நாய்களுக்கு இப்படித்தான் வழி கிடைத்தது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். டெக்னீஷியன் தினமும் போடுகிற தலைக்கான செட்டிங்கில் படங்களைத் தயாரித்து, இரண்டு ஷீட் ஃபிலிமில் அச்சடித்து, மனித ரேடியாலஜிஸ்ட் ஒருவர் அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியிருக்கிறார்.

ஃபிலிமில் முதலில் கண்ணில் பட்டது தலை சாய்ந்திருப்பது. மூக்கு ஸ்கேனில் வலது இடது ஒப்பிட்டுத்தான் எல்லாமே, அதனால் நாயைக் குப்புறப் படுக்கவைத்து அண்ணம் மேசைக்கு இணையாக இருக்கும்படி பஞ்சுப் பொதி வைத்து நிறுத்த வேண்டும். நாக்கில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கிளிப்பைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள், அதன் உலோகத்திலிருந்து வெள்ளைக் கோடுகள் கீறிக்கொண்டு போயின. காதிலோ பாதத்திலோ மாட்டியிருந்தால் போதும். இவை சின்ன விஷயங்கள்தான், படத்தைப் படிக்க முடியாமல் செய்யவில்லை.

நாயின் மூக்குக்குள் இருக்கும் எலும்புச் சுருள்கள், வாழைக் குருத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அப்படி இருக்கும். இடது பக்கம் சுருள்கள் அழகாக, வரிசை வரிசையாக. வலது பக்கம் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு, அதாவது காற்று. ஓரங்களில் மட்டும் தடித்த சளிச்சவ்வு. வலது நெற்றி எலும்பறையில் ஏதோ பொருள் நிறைந்திருக்கிறது, அதைச் சுற்றிய எலும்பு தடித்துச் சொரசொரப்பாக இருக்கிறது.

மூக்கு சி.டி. படிக்கும்போது நான் மனதில் வைத்துக்கொள்கிற ஒரு கணக்கு உண்டு: பூஞ்சை காலி செய்யும், கட்டி நிரப்பும். கட்டி வந்தால் அந்த இடத்தைச் சதை அடைத்துக்கொள்ளும், நடுச்சுவரைத் தள்ளும், உடைக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை சுருள்களைத் தின்று குகையாக்கிவிட்டுப் போகும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை, பூஞ்சையே கட்டி போலத் திரண்டு ஏமாற்றுவதும் உண்டு. ஆனால் இந்த ஃபிலிமில் இருந்தது பாடப்புத்தகப் பூஞ்சை. ஸ்லைடில் ஆவி படிந்ததும் இதனால்தான், தடுக்க உள்ளே எதுவும் மிச்சமில்லை.

சரி, அப்படியென்றால் மூளைப் பக்கத் தகடு? அது ரிப்போர்ட் சொன்னபடியே ஃபிலிமில் இல்லைதான். இரண்டு படங்களில் மூக்கின் கறுப்பு நேராக மூளையின் சாம்பல் நிறத்தில் போய் முட்டியது.

தகடு எங்கே போனது

இந்தத் தகட்டுக்குச் சல்லடை எலும்பு என்று பெயர். வாசனை நரம்புகள் மூக்கிலிருந்து மூளைக்குப் போக அதில் ஏகப்பட்ட துளைகள், அதாவது பிறவியிலேயே முழுச் சுவர் கிடையாது. மனிதனுக்கு இது மூக்கின் கூரையில் படுக்கையாக இருக்கும், சின்னது. நாய்க்கு மூக்கின் பின்சுவராக, ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், பெரியது, வளைந்தது. நாயைக் குப்புறப் போட்டுக் குறுக்கே வெட்டிய படங்களில் வெட்டும் தகடும் கிட்டத்தட்ட ஒரே போக்கில் போகின்றன. அதனால் ஒரு தடித்த துண்டுக்குள் தகடு, அதற்கு முன்னாலுள்ள காற்று, பின்னாலுள்ள மூளை மூன்றும் ஒன்றாக அகப்பட்டுக்கொள்ளும்.

அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் எடுத்த மெஷினை உருவாக்கி, அதற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எண் இறங்க இறங்கப் படத்தில் கறுப்பாகும். மூளைத் திசு சுமார் 35. மெல்லிய எலும்புக்கு 700 என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. துண்டில் 1 மி.மீ. எலும்பு, 2 மி.மீ. காற்று, 2 மி.மீ. மூளை இருந்தால் மெஷின் மூன்றையும் பிரித்துக் காட்டாது, சராசரியைத்தான் போடும். 700-லிருந்து 2000 கழித்து, 70 கூட்டி, ஐந்தால் வகுத்தால் மைனஸ் 246. அது கொழுப்பைவிடவும் கறுப்பு. எலும்பு அங்கேயே நிற்கிறது, படத்தில் மட்டும் காணாமல் போய்விட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல மூக்கில் தகட்டுக்கு முன்னால் எலும்புச் சுருள்களும் சவ்வும் நெருக்கமாக இருக்கும், சராசரி இவ்வளவு கீழே இறங்காது. இடது பக்கத் தகடு அதே 5 மி.மீ. படத்தில் ஓரளவாவது தெரிந்தது. வலது பக்கம் பூஞ்சை சுருள்களைத் தின்றுவிட்டதால் காற்று தகடு வரை வந்துவிட்டது, தகட்டைப் படத்திலிருந்து அழித்தது அந்தக் காற்றுதான். ஒரு பக்கம் இருக்கிறது, நோயுள்ள பக்கம் இல்லை என்றால் யாரும் அரித்துவிட்டது என்றுதான் எழுதுவார்கள். மனிதத் தலைகளையே பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் அப்படி எழுதியதை நான் தப்பாக நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் வைத்தது ஃபிலிம் மட்டும். அனுப்பிய சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று மகனிடம் கேட்டேன். "டாக், ஹெட் சி.டி." அவ்வளவுதான். சல்லடை எலும்பு முழுசாக இருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்திருந்தால் டெக்னீஷியனே மெல்லிய துண்டாகப் போட்டிருப்பார்.

ரா டேட்டா

பதினாறு ஸ்லைஸ் மெஷின், அதாவது ஒரே சுற்றில் பதினாறு துண்டு எடுப்பது, படம் எடுக்கும்போதே பெரும்பாலும் மெல்லிய துண்டாகத்தான் தகவலைச் சேகரிக்கும். 5 மி.மீ. என்பது அதைக் கூட்டி அச்சுக்கு ஏற்றபடி செய்த படம். மூலத் தகவல், அதாவது ரா டேட்டா, மெஷினின் கன்சோலில் இருக்கும்வரை அதிலிருந்து எந்தத் தடிமனிலும் திரும்பப் படம் பண்ணலாம், நாயைத் திரும்ப மயக்க வேண்டியதில்லை. ஆனால் அது ரொம்ப நாள் இருக்காது.

சென்டருக்குப் போன் போட்டேன். டெக்னீஷியன் வேலூர்க்காரர், முன்பே பழக்கம்.

"அண்ணே, போன வாரம் எடுத்த வெள்ளை நாய். ரா டேட்டா இன்னும் இருக்கா?"

"இருக்கும் டாக்டர். ஆனா டிஸ்க் ரொம்பிட்டா பழசை அதுவே அழிச்சிடும். ஞாயித்துக்கிழமை தாண்டுமான்னு சொல்ல முடியாது."

"அப்போ இன்னைக்கே 0.6 மில்லிமீட்டர்ல போட்டுக் கொடுங்க, எலும்பு தெளிவாத் தெரியிற போன் கெர்னல்ல. மூக்கு நுனியிலேர்ந்து பிடரி வரைக்கும்."

"நானூறு படம் வருமே! ஃபிலிம் எத்தனை அடிக்கிறது?"

"ஃபிலிமே வேணாம் அண்ணே. பென் டிரைவ்ல டைகாமா போட்டுடுங்க."

டைகாம் என்பது ஸ்கேன் படங்களை அப்படியே வைக்கிற கம்ப்யூட்டர் கோப்பு. செலவு ஒரு பென் டிரைவ். மகன் அன்று சாயந்தரமே போய் வாங்கிவந்தார், ஹலசூரு ரோடு டிராஃபிக்கில் ஸ்கேனைவிட அதற்குத்தான் நேரம் ஆனது என்றார்.

சின்னதாக ஒரு எச்சரிக்கை: எல்லா ஸ்கேனுக்கும் இது பலிக்காது. சில செட்டிங்குகளில் மெஷின் எடுக்கும்போதே தடித்த துண்டாகத்தான் எடுத்திருக்கும், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் மெல்லியதாக வராது. அதனால் ஸ்கேனுக்குப் போகும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. மூக்கு, காது, தாடை என்றால் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம், எலும்புக்கு ஒரு செட், மென்திசுவுக்கு ஒரு செட், இரண்டும் டைகாம் கோப்பாகக் கையில் வர வேண்டும். ஃபிலிம் கொடுத்து அனுப்பினால் அதை நம்பி யாரிடமும் இரண்டாவது கருத்துக் கேட்க முடியாது.

புதிய படங்களை எலும்புக்கான வெளிச்ச அளவில் வைத்து, குறுக்கு வெட்டை விட்டுவிட்டு, மேலிருந்து பார்க்கும் வெட்டிலும் பக்கவாட்டு வெட்டிலும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். வலது சல்லடை எலும்பு அங்கேயே இருந்தது, மெல்லிய வெள்ளைக் கோடாக, கீழிருந்து மேல் வரை. மேல் மூலையில் ஒரே ஒரு இடத்தில் இடது பக்கத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. உடைப்பு என்று சொல்லும்படி எங்கேயும் இல்லை.

முதல் டாக்டர் எம்.ஆர்.ஐ.க்கும் எழுதிக் கொடுத்திருந்தார். மூளையையும் அதன் உறையையும் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. சி.டி. ஒரு சில நிமிஷத்தில் முடியும், எம்.ஆர்.ஐ.க்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் மயக்கத்தில் கிடக்க வேண்டும், செலவும் கூட. தகடு உண்மையிலேயே உடைந்திருந்தால், அல்லது வலிப்போ குணமாற்றமோ இருந்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன். இரண்டும் இல்லாதபோது எம்.ஆர்.ஐ. என்ன பதில் சொன்னாலும் அடுத்து நாங்கள் செய்யப்போவது மாறாது. வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தகட்டைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ளக் காரணம் மருந்து. மூக்குப் பூஞ்சைக்கு வாய்வழி மாத்திரை மட்டும் கொடுத்தால் பலன் சுமார்தான், மருந்தை மூக்குக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஊறவைப்பதுதான் நல்ல வழி. தகட்டில் ஓட்டை இருந்தால் அந்த மருந்து மூளைப் பக்கம் கசியலாம், வலிப்பு வரலாம். ஓட்டை இருந்தும் செய்த நாய்கள் தேறியதுண்டு, ஆனால் ஆபத்தைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார். "பூஞ்சைன்னா அந்தக் கொரோனா டைம்ல வந்ததே, கருப்புப் பூஞ்சை, அதுவா டாக்டர்?" இல்லை. 2021-இல் நாம் பயந்தது மியூக்கர் வகை, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து பரவியது. நாயின் மூக்கில் வருகிற ஆஸ்பர்ஜில்லஸ் பெரும்பாலும் திடமான, நடுவயது, நீள மூக்கு நாய்க்கு வருவது, சவ்வின் மேலேயே படிந்திருக்கும். இதன் வித்து மண்ணிலும் வைக்கோலிலும் காற்றிலும் எங்கும் இருக்கிறது, நாயிடமிருந்து வீட்டுக்காரருக்கு ஒட்டுகிற விஷயமும் இல்லை. "பேரு வச்ச ராசியோன்னு நெனச்சேன்" என்றார்.

ஒரே மயக்கத்தில்

மூக்கில் எப்போதும் ஸ்கேன் முதலில், கேமரா அப்புறம், சதை எடுப்பது கடைசி. மாற்றிச் செய்தால் வழிகிற ரத்தம் ஸ்கேனில் கட்டி போலத் தெரியும். ஸ்கேன் ஏற்கெனவே கையில் இருந்ததால் மற்ற இரண்டையும், தேவைப்பட்டால் சிகிச்சையையும், ஒரே நாளில் வைத்துக்கொண்டோம். ஒல்லி உடம்புக்கார வேட்டை நாய்கள் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் எழ ரொம்ப நேரம் எடுக்கும், அதனால் புரோப்போஃபால், பிறகு ஐசோஃப்ளூரேன்.

கேமராவில் வலது பக்கம் உள்ளே போனதும் குகை. சுவரில் சாம்பல் கலந்த வெள்ளையில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது, ஒன்றிரண்டில் லேசான பச்சை. திட்டிலிருந்தே சாம்பிள் எடுத்தோம், பக்கத்துச் சவ்வில் எடுத்தால் வெறும் வீக்கம் என்றுதான் ரிப்போர்ட் வரும். ஒரு துணுக்கை ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதே குறுக்குச் சுவரோடு கிளை பிரிந்த இழைகள் தெரிந்தன. பிறகு வந்த திசுப் பரிசோதனையும் அதையே சொன்னது, கல்ச்சரில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் வளர்ந்தது.

வலது நெற்றி அறைக்கு மேலே சிறு துளை போட்டு, உள்ளே இருந்த குப்பையைச் சுரண்டி எடுத்தோம். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது, திட்டு மிச்சமிருந்தால் மருந்து அதற்குள் இறங்காது. உப்புநீர் விட்டுக் கழுவிக் கழுவி, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. தொண்டையில் துணி அடைத்து, மூக்கின் பின்வாசலை பலூன் குழாயால் மூடி, முன்துவாரத்தையும் அடைத்து, பூஞ்சைக்கான மருந்தை விட்டோம், 1 சதவீத க்ளோட்ரிமசோல் திரவம். ஒரு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பித் திருப்பி, எல்லா மூலையிலும் படும்படி.

க்ளோட்ரிமசோல் பாட்டிலை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள் என்று இளம் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மருந்து ஒன்றாக இருந்தாலும் அது எதில் கரைத்திருக்கிறது என்பது வேறாக இருக்கும். பாலிஎதிலீன் கிளைக்கால் என்றால் சரி. புரோப்பிலீன் கிளைக்கால் என்றால் தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம்.

முடிந்ததும் தலையைச் சரிவாகத் தொங்கவிட்டு எல்லாம் வடியவிட்டோம். எழுந்தபோது கொஞ்சம் தள்ளாட்டம், ராத்திரி முழுக்க ரத்தமும் தண்ணீருமாகத் தும்மல். எதிர்பார்த்ததுதான். வலிப்பு வரவில்லை. மறுநாள் காலை தயிர் சாதம் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு

ஒரே தடவையில் குணமாகும் என்று நான் எந்த வீட்டுக்காரரிடமும் சொல்வதில்லை, பல நாய்களுக்கு இரண்டாவது தேவைப்படும். நான்கு வாரம் கழித்துக் கேமரா விட்டபோது மூக்குக்குள் சுத்தம், நெற்றி அறையின் பின் ஓரத்தில் மட்டும் சின்னத் திட்டு. சுரண்டிவிட்டுத் திரும்ப ஊறவைத்தோம். அடுத்த பார்வையில் எதுவும் இல்லை, எடுத்த சாம்பிளிலும் இழை இல்லை.

போன எலும்புச் சுருள் திரும்ப வளராது. சுருள்கள்தான் உள்ளே போகிற காற்றை ஈரமாக்கி வடிகட்டுகிறவை, அவை இல்லாத பக்கம் தூசியும் குளிரும் நேராகப் போகும். அதனால் டிசம்பர், ஜனவரிக் காலையில் கருப்பனுக்கு வலது மூக்கில் தெளிந்த நீர் வடிகிறது, சில நேரம் பாக்டீரியா சேர்ந்து மஞ்சளாகிறது, உப்புநீர் ஆவி பிடித்தால் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் மகன் போன் செய்து இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கிறார். ரத்தம் இல்லை, வலி இல்லை, ஸ்லைடில் ஆவி சமமாகப் படிகிறது, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ரத்தம் திரும்ப வந்தால் எடுக்கலாம், அப்போது சீட்டை நானே எழுதித் தருகிறேன் என்றும்.